அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘மெடுலரி’ என்று இருக்கிறது: இனி என்ன செய்வது?

கேள்வி, சுருக்கமாக: “யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. கழுத்தின் இடது பக்கம் இருந்த கட்டியை ஆறு கிழமைக்கு முன் எடுத்தார்கள். தைரொயிட்டின் பாதியை மட்டும்தான் எடுத்தது. ரிப்போர்ட்டில் ‘மெடுலரி கார்சினோமா’ என்று வந்திருக்கிறது. தைரொயிட் கான்சர் சுகமாகிற கான்சர்தான், மிச்சப் பாதியையும் எடுத்துவிட்டு மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் அயடீன் குடித்தால் சரி என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அம்மாவுக்கு இது கான்சர் என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கும் தங்கைக்கும் வருமா?”

தம்பி, உங்கள் சொந்தக்காரர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக அதிகம் காணப்படுவது தைரொயிட் புற்றுநோய். கழுத்தில் தழும்போடு, நல்ல சுகமாக, சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிற ஒருவரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர்களில் பத்துப் பேரை எடுத்தால் எட்டுப் பேருக்கு வந்தது பப்பிலரி என்ற வகை. அதற்குச் சத்திரசிகிச்சையும், தேவைப்பட்டால் கதிரியக்க அயடீனும் நன்றாகவே வேலை செய்யும். அம்மாவுக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை. தைரொயிட் புற்றுநோய் வந்தவர்கள் நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்குத்தான் மெடுலரி இருக்கும். அதே சுரப்பியில் தோன்றினாலும் அது வேறொரு நோய். சிகிச்சை வேறு, பின்தொடர்கிற இரத்தப் பரிசோதனை வேறு, குடும்பம் யோசிக்க வேண்டிய விடயங்களும் வேறு. ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இனி ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும்.

அயடீனில் இருந்து தொடங்குகிறேன். தைரொயிட்டில் இரண்டு வகையான கலங்கள் இருக்கின்றன. பெரும்பான்மையானவை இரத்தத்தில் உள்ள அயடீனை உறிஞ்சித் தைரொக்சின் செய்பவை. பப்பிலரி, பொலிகியூலர் வகைகள் இவற்றில் இருந்து வருகின்றன. அந்தப் புற்றுக்கலங்கள் அயடீனை இழுக்கும் பழக்கத்தைக் கைவிடாததால்தான் கதிரியக்க அயடீன் தேடிப்போய் அவற்றை அழிக்கிறது. அவற்றுக்கிடையே சிறு தொகையாக ‘சி’ கலங்கள் இருக்கின்றன. அவை சுரப்பது கல்சிட்டோனின். அயடீன் அவற்றுக்குத் தேவையே இல்லை. மெடுலரி அந்தச் சி கலங்களில் தோன்றுவது. ஆகவே அம்மா அயடீன் குடித்தால் புற்றுக்கு ஒன்றும் ஆகாது, கதிர்வீச்சு மட்டும் வீணாக உடம்பில் சேரும். அதற்காக மகரகமவுக்கு அலையத் தேவையில்லை. உப்பில் அயடீன் கூடினதோ குறைந்ததோ என்று கவலைப்படவும் வேண்டாம், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தைரொக்சின் குளிசை விடயத்திலும் இதே கவனம் வேண்டும். பப்பிலரி வந்த சிலருக்கு, தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான ரி.எஸ்.எச். அளவை வேண்டுமென்றே அடக்கிவைப்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தைரொக்சின் கொடுப்பார்கள். மெடுலரிக்கு அந்தத் தேவை இல்லை. உடம்புக்குக் குறைகிற அளவை மட்டும் ஈடுசெய்தால் போதும். 56 வயதுப் பெண்ணுக்குக் காரணமில்லாமல் தைரொக்சினைக் கூட்டினால் எலும்பு தேயும், இதயத்துடிப்பு ஒழுங்கு கெடும். பக்கத்து வீட்டு அக்கா எத்தனை மைக்ரோகிராம் போடுகிறார் என்று பார்த்து அம்மாவின் அளவை ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது ரிப்போர்ட். நான் நீண்ட காலம் நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன், ஆகையால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். மெடுலரி என்ற முடிவுக்கு ஒரு கண்ணாடித் தகட்டை ஒருமுறை பார்த்து மட்டும் வந்துவிடக் கூடாது. நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்களின் கருக்களில் உப்பும் மிளகும் கலந்து தூவினது போன்ற புள்ளிகள் தெரியும். கலங்களுக்கு இடையில் இளஞ்சிவப்பாக, உருவமில்லாமல் ஒரு பொருள் படிந்திருக்கும். அது அமிலொயிட். கொங்கோ ரெட் என்ற சாயம் போட்டு, முனைவாக்கப்பட்ட ஒளியில் பார்த்தால் அது பச்சையாக மின்னும். 1959 இல் இந்த நோயைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியவர்கள் கவனித்ததும் இந்த அமிலொயிட்டைத்தான். ஆனால் எல்லா மெடுலரியிலும் அது இருப்பதில்லை. மெடுலரி பல வேடம் போடக்கூடிய நோய். சிலவேளை பொலிகியூலர் போலவும், சிலவேளை மிக வேகமாக வளரும் அனாபிளாஸ்டிக் என்ற வகை போலவும் தெரியும். அதனால்தான் குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் பிடிக்கும் இம்யூனோ சாயங்கள் அவசியம். மெடுலரிக் கலங்கள் செய்யும் புரதங்களான கல்சிட்டோனினுக்கும் சி.ஈ.ஏ.க்கும் குரோமோகிரானினுக்கும் நிறம் பிடித்து, தைரொக்சின் செய்யும் கலங்களுக்குரிய தைரோகுளோபியூலினுக்குப் பிடிக்காமல் இருந்தால் முடிவை நம்பலாம். அம்மாவின் ரிப்போர்ட்டில் இந்தச் சாயங்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது உங்கள் உரிமை.

எடுத்த கட்டி எங்கே போனது என்று பலர் யோசிப்பதில்லை. அது பரபின் மெழுகில் பதித்த சிறு கட்டைகளாக ஆய்வுகூடத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. நாங்கள் புளொக் என்போம். இரண்டாவது அபிப்பிராயத்துக்கும், பின்னால் வரக்கூடிய பரம்பரையலகுப் பரிசோதனைக்கும் அந்தப் புளொக்தான் மூலப்பொருள். சென்னைக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் ஸ்கான் படங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டு போவார்கள், புளொக்கை விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே போனதும் முதலில் கேட்கப்படுவது அதுதான். போவதானால் எழுத்தில் விண்ணப்பித்துப் புளொக்கையும் தகடுகளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெயில்படும் இடத்தில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு வேண்டிய இரத்தப் பரிசோதனைகள் கல்சிட்டோனினும் சி.ஈ.ஏ.யும். மெடுலரி எங்கே மிஞ்சியிருந்தாலும் கல்சிட்டோனினைச் சுரந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவு நம்பகமான அடையாளம் மற்றப் புற்றுநோய்களில் மிகச் சிலவற்றுக்குத்தான் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த அளவு மெதுவாக இறங்குவதால், சரியான ஒப்பீட்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து எடுப்பது வழக்கம். உங்களுக்கு ஆறு கிழமைதான் ஆகிறது, இன்னும் அவ்வளவு காலம் இருக்கிறது.

எடுக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். கல்சிட்டோனின் அறை வெப்பத்தில் சிதைந்துபோகும் பொருள். இரத்தம் எடுத்தவுடன் ஐஸில் வைத்து, விரைவாகப் பிரித்து, உறையவைத்துத்தான் அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் மேசையில் கிடந்துவிட்டுக் கொழும்புக்குப் போகிற மாதிரியில் வரும் ‘நோர்மல்’ என்ற முடிவை என்னால் நம்ப முடியாது. எங்கே எடுக்கிறீர்களோ அங்கே, எப்படி அனுப்புகிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். மற்றது ஒமெப்பிரசோல் வகைக் குளிசைகள். கஸ்ரிக் என்று சொல்லி அரைவாசிப் பேர் அதை வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். அது கல்சிட்டோனினைக் கூட்டிக் காட்டும். சிறுநீரக நோயும் அப்படியே. அம்மா அந்தக் குளிசை போடுகிறார் என்றால் முதலே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மிச்சப் பாதியை எடுப்பதா இல்லையா என்பதற்கு உங்கள் சொந்தக்காரர் சொல்வதைவிட அமைதியான பதில் ஒன்று உண்டு. ஆரம்பத்திலேயே மெடுலரி என்று தெரிந்திருந்தால் முழுத் தைரொயிட்டையும் கழுத்தின் நடுப்பகுதி நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்திருப்பார்கள். அதுதான் வழமையான முறை. பாதி எடுத்த பிறகு தற்செயலாகத் தெரியவரும்போது நிலைமை வேறு. பரம்பரைக் குறைபாடு இருந்தாலோ, மூன்று மாதம் கழித்தும் கல்சிட்டோனின் உயர்ந்திருந்தாலோ, கழுத்து ஸ்கானில் ஏதாவது தெரிந்தாலோ மிச்சத்தையும் எடுக்க வேண்டும். மூன்றும் இல்லாவிட்டால் கவனமாகப் பின்தொடர்வதே போதுமாக இருக்கலாம். இரண்டாவது சத்திரசிகிச்சை சும்மா ஒரு காரியம் இல்லை. தழும்பு பிடித்த இடத்தில் திரும்பக் கத்தி வைக்கும்போது குரல் நரம்புக்கும், கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் பரதைரொயிட் சுரப்பிகளுக்கும் ஆபத்துக் கூடும். விரல் நுனியும் வாயைச் சுற்றியும் விறைத்துக்கொண்டு, காலம் முழுக்கக் கல்சியம் குளிசையோடு இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தேவைப்பட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் தேவை இருக்கிறதா என்று தெரிந்த பிறகு. கல்சிட்டோனின் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 150 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் கழுத்துத்தான். அதற்கு மேலே போனால் நெஞ்சு, ஈரல், எலும்பு என்று சி.ரி. ஸ்கானில் தேட வேண்டும்.

எந்தச் சத்திரசிகிச்சைக்கும் முதல் ஒரு விடயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். மெடுலரி பரம்பரையாக வரும் குடும்பங்களில் சிலருக்குச் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அதிரீனல் சுரப்பியிலும் கட்டி வரும். அதன் பெயர் பியோகுரோமோசைற்றோமா. அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, மேசையிலேயே உயிர் போகலாம். கண்டுபிடிப்பது கடினமில்லை. இரத்தத்தில், அல்லது 24 மணித்தியாலச் சிறுநீரில் மெற்றநெப்ரின் அளவைப் பார்ப்பார்கள். சிறுநீர் சேர்ப்பதென்றால், முதல் நாள் காலை எழும்பிப் போகும் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த நாள் அதே நேரம் வரை ஒருமுறைகூடத் தவறவிடாமல் போத்தலில் சேர்க்க வேண்டும், கடைசியாக எழும்பிப் போவதும் சேர்த்து. போத்தலுக்குள் அமிலம் ஊற்றியிருப்பார்கள், நேரடியாக அதற்குள் போகாமல் வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றச் சொல்லுங்கள். கட்டி இருப்பது தெரிந்தால் முதலில் அல்பா தடுப்பு மருந்துகளால் அழுத்தத்தை அடக்கி, அதிரீனல் கட்டியை எடுத்த பிறகுதான் கழுத்தைத் தொடுவார்கள். அம்மா முதல் சத்திரசிகிச்சையில் இருந்து நலமாக எழும்பியது நல்ல விடயம். ஆனால் அதை வைத்து அந்தக் கட்டி இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

உங்களுக்கும் தங்கைக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பதிலில் மிக முக்கியமான இடம் இதுதான். மெடுலரி வந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அது அவரோடு முடிகிற நோய். நான்கில் ஒருவருக்குப் பரம்பரையாக வந்தது. 10ஆம் நிறமூர்த்தத்தில் ரெட் என்றொரு பரம்பரையலகு இருக்கிறது. அதில் ஏற்படும் மாற்றமே காரணம் என்பது 1993 இல் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு, ஆண் பெண் வேறுபாடு கிடையாது. சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். ஒரு பக்கத்தில் இருந்து வந்தாலே போதும், இரண்டு பக்கமும் சேரத் தேவையில்லை.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையே என்று விட்டுவிடவும் கூடாது. குடும்ப வரலாறே இல்லாத, தனியாக வந்தது என்று நினைக்கப்பட்டவர்களிலும் நூறு பேரில் ஒரு சிலருக்கு இரத்தத்தில் இந்த மாற்றம் இருப்பது தெரிந்திருக்கிறது. அதனால் மெடுலரி என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் ரெட் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதே பொதுவான விதி. முதலில் அம்மாவுக்கு. அம்மாவின் இரத்தத்தில் மாற்றம் இல்லையென்றால் நீங்களும் தங்கையும் நிம்மதியாக இருக்கலாம், உங்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. இருந்தால் உங்கள் இருவருக்கும் அந்த ஒரே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். ஒரு சிறு குழாய் இரத்தம், வாழ்க்கையில் ஒருமுறை. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: கட்டியின் புளொக்கில் செய்யும் ரெட் பரிசோதனை மருந்து தெரிவுசெய்ய உதவும், இரத்தத்தில் செய்வது குடும்பத்துக்காக. புளொக்கில் மாற்றம் இருந்தது என்பதற்காக அது பரம்பரையானது என்று அர்த்தமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது இரத்தத்தில்.

கனடாவில் இருக்கும் மாமாவுக்கு இங்கே ஒரு சேதி இருக்கிறது. அவர் அம்மாவின் கூடப்பிறந்தவர். அம்மாவுக்கு ரெட் மாற்றம் இருந்தால், சென்னைக்குப் போகச் சொல்லும் அவருக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு. அவருக்கு இருந்தால் அவருடைய பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எங்கள் குடும்பங்கள் யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு வீட்டில் கிடைத்த முடிவு மற்ற வீட்டுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவதை நான் அதிகம் கண்டிருக்கிறேன். அம்மாவின் பரிசோதனை முடிவின் பிரதி ஒன்றை அவர்கள் தங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டினால், எந்த மாற்றத்தைத் தேட வேண்டும் என்று அங்கே உடனே தெரிந்துவிடும். முடிவைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், ‘அக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லை’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

தங்கைக்குக் கலியாணம் பேசுகிற நேரம், இது வெளியில் தெரிந்தால் சரிவராது என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆனால் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ரெட் மாற்றம் இருப்பது தெரிந்தவர்களுக்கு, புற்று வருவதற்கு முன்னரே தைரொயிட்டை எடுத்துவிட முடிகிறது. ரெட் பரம்பரையலகில் மிக ஆபத்தான 918 என்ற இடத்தில் மாற்றம் உள்ள குழந்தைக்கு முதல் வயதுக்குள்ளேயே எடுக்கச் சொல்வார்கள். 634 இல் என்றால் ஐந்து வயதுக்குள். மற்றப் பெரும்பாலான இடங்களில் என்றால் கல்சிட்டோனினைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். வராமல் தடுக்கக்கூடிய புற்றுநோய் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

நோய் பரவியிருந்தால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைரொயிட்டுக்குள் மட்டும் இருந்து எடுக்கப்பட்டவர்களில் பத்து வருடத்துக்குப் பின்னும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகு தெரியவந்தால் அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கும். ஆனாலும் மெடுலரி பலருக்கு மிக மெதுவாக நகரும் நோய். கல்சிட்டோனின் இரட்டிப்பாக எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதே அதன் வேகத்தைச் சொல்லும். இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தால் பெரும்பாலும் நீண்ட காலம் அமைதியாக இருக்கும், ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் கவலைப்பட வேண்டும். எண் ஏறிவிட்டது என்ற ஒன்றுக்காக மட்டும் மருந்து தொடங்கக் கூடாது. பரவிய மெடுலரிக்கான மருந்துகளில் வன்டெற்றனிப் 2011 இலும், கபோசன்டினிப் 2012 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2020 இல் வந்த செல்பெர்கற்றினிப் ரெட் மாற்றத்தையே குறிவைப்பது. முந்தைய இரண்டையும்விட அது நோயை நீண்ட காலம் கட்டுப்படுத்துகிறது, பக்கவிளைவும் குறைவு என்று 2023 இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. காணியை விற்பதற்கு முன்னால், இப்போது தேவையா என்று புற்றுநோய் நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். கல்சிட்டோனின் மிகக் கூடியவர்களுக்கு வயிற்றோட்டம் பெரும் உபாதையாக இருக்கும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். அதற்கு லொப்பெரமைட் போன்ற மலிவான குளிசையே நல்ல ஆறுதல் தரும்.

சென்னைப் பயணம் பற்றி என் அபிப்பிராயம்: இப்போது வேண்டாம். பலாலியில் இருந்து விமானம் ஏறுவது இலகுவாகிவிட்டது, அதனால் அவசரமும் கூடிவிட்டது. அம்மாவுக்கு இப்போது வேண்டியவை சாயங்களோடு உறுதியான ரிப்போர்ட், கழுத்து ஸ்கான், மெற்றநெப்ரின், கல்சிட்டோனின், சி.ஈ.ஏ., ரெட். இவற்றுக்கான இரத்தத்தை இங்கே இருந்தபடியே கொடுக்கலாம். இங்கே செய்ய முடியாத பரிசோதனைக்கு மாதிரி பயணம் செய்யட்டும், அம்மா பயணம் செய்யத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணரையும் அகஞ்சுரக்கும் சுரப்பி நிபுணரையும், தெல்லிப்பழையில் புற்றுநோய் நிபுணரையும் ஒரே கோப்போடு பாருங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் கட்டப்பட்டது. எங்கள் ஆட்களுக்காகவே எழும்பிய இடத்தைத் தாண்டிக் கடல் கடந்து ஓடுவதற்கு முதல், அங்கே கிடைப்பதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். கழுத்துப் பக்கவாட்டுக் கணுக்களிலும் நோய் இருப்பது தெரிந்தால், அந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்து பழகிய கை வேண்டும். அப்போது எங்கே போவது என்று யோசிப்பது நியாயம்.

இதை வாசிக்கும் வேறு குடும்பங்களுக்காக, அரிய வகைகளில் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மெடுலரிக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. அனாபிளாஸ்டிக்குக்கு இல்லை. எழுபது வயதுக்காரருக்கு இருபது வருடமாகக் கழுத்தில் சும்மா இருந்த கழலை, மூன்று நான்கு கிழமைக்குள் இரண்டு மடங்காகி, கல்லுப்போல இறுகி, குரல் அடைத்து, சோறு விழுங்கக் கஷ்டப்பட்டால் அது அவசரம். மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், நெடுந்தீவாக இருந்தாலும் அடுத்த படகுக்கே ஏற்றுங்கள். அடுத்த மாதக் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். எண்ணெய் பூசவும் பத்துப் போடவும் அங்கே நேரமில்லை. தைரொயிட் புற்றுநோய்களில் நூறில் ஒன்று அல்லது இரண்டுதான் இது, ஆனால் கண்டுபிடித்த பிறகு பாதிப் பேர் ஏறக்குறைய அரை வருடத்தைத் தாண்டுவதில்லை. எங்கும் பரவாமல் இருந்தாலும் இதை நான்காம் நிலை என்றே வகைப்படுத்துவார்கள்.

ஆனால் வேகமாகப் பெருத்த எல்லாக் கழலையும் அனாபிளாஸ்டிக் இல்லை. தைரொயிட்டில் வரும் லிம்போமாவும் அச்சாக இப்படியே வளரும். நீண்ட காலம் ஹஷிமோட்டோ என்ற அழற்சி இருந்த பெண்களுக்கு வருவது கூடுதல். அதைப் பெரிய சத்திரசிகிச்சை செய்து எடுக்கத் தேவையில்லை, மருந்துச் சிகிச்சையிலேயே கரைந்துபோகும், பலர் முழுமையாகக் குணமாகிறார்கள். வெளியில் இருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. மெல்லிய ஊசியில் வரும் சில கலங்கள் பெரும்பாலும் போதாது, தடித்த ஊசியால் ஒரு துண்டு இழையம் எடுக்க வேண்டும். வயது போய்விட்டது, இனி ஏன் நோகடிப்பான் என்று அந்த ஊசியை மறுக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து மறுக்காதீர்கள். அந்தத் துண்டில்தான் குணமாகும் நோயா இல்லையா என்பது இருக்கிறது.

அனாபிளாஸ்டிக்தான் என்றாலும் அதே துண்டில் பிராஃப் வி600ஈ என்ற மாற்றத்தை உடனே தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்காவது அது இருக்கும். இம்யூனோ சாயம் மூலம் சில நாளிலேயே முதல் பதிலைப் பெறலாம். இருந்தால் டப்ரஃபெனிப், ட்ரமெற்றினிப் என்ற இரு குளிசைகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை உண்டு. 2018 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்குக் கட்டி சுருங்கி, எடுக்க முடியாது என்று கைவிட்டதை எடுக்கக்கூடிய நிலையும் வருகிறது. மூச்சுக்குழாயில் துளையிடுவதா இல்லையா என்பதை மூச்சு முட்டுவதற்கு முன், நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவரோடு கதைத்துவிடுவது நல்லது.

தைரொயிட் புற்றுநோயில் ஒன்கோசைற்றிக் என்ற இன்னொரு அரிய வகையும் உண்டு, முன்பு ஹேர்தில் என்று எழுதப்பட்டது. அது அயடீனை நன்றாக இழுப்பதில்லை, ஊசிப் பரிசோதனையில் சாதாரணக் கட்டியா புற்றா என்று பிரிக்கவும் முடியாது. இங்கே அவ்வளவு போதும்.

கழுத்துக் கட்டியோடு இப்போதுதான் வைத்தியரிடம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெல்லிய ஊசிப் பரிசோதனை மெடுலரியைத் தவறவிடுவது அரிதில்லை. ஊசி முடிவு தெளிவில்லாமல் இருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது மெடுலரி இருந்திருந்தால், கத்தி வைப்பதற்கு முன் ஒரு கல்சிட்டோனின் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். எல்லாக் கழலைக்கும் இதைச் செய்ய வேண்டுமா என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சந்தேகம் உள்ள இடத்தில் செய்வதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. அது முதலே தெரிந்தால் பாதி எடுத்துவிட்டு மீதிக்கு யோசிக்கும் நிலைமை வராது.

கடைசியாக அம்மாவுக்குச் சொல்வது. சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இடப்பெயர்வையும் சாவையும் கண்டு உங்களை வளர்த்தெடுத்த தலைமுறை அது. அதைவிட, ரெட் பரிசோதனைக்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர், எதற்கென்று தெரியாமல் வைக்கச் செய்வது சரியில்லை. அவருக்குத் தெரிந்தவை வேறு யாருக்கும் தெரியாது. 1995 இடப்பெயர்வோடும் பிறகு வன்னியிலும் எத்தனையோ வீடுகளின் வைத்தியக் கொப்பிகள் போய்விட்டன, இருப்பது அவருடைய ஞாபகம் மட்டும்தான். அமைதியாக இருத்திக் கேளுங்கள். அவருடைய அப்பா அம்மா பக்கத்தில், கூடப்பிறந்தவர்களில், யாருக்காவது கழுத்தில் கட்டி இருந்ததா? இள வயதிலேயே கடும் பிறஷர், நெஞ்சு படபடப்பு, வியர்த்துக்கொட்டித் தலையிடி வந்தவர்கள் உண்டா? சத்திரசிகிச்சை மேசையிலோ பிள்ளைப்பேற்றிலோ காரணம் தெரியாமல் இறந்தவர்கள்? திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல்? உதட்டிலும் நாக்கிலும் சின்னச் சின்ன முடிச்சுகள்? பெயர், உறவுமுறை, ஏறக்குறைய எத்தனை வயதில் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொண்டு போங்கள்.